ஒருமுறை அரைத்த மாவும் ஓராயிரம் சிமுலேஷனும்

இட்லிக்கு மாவு அரைக்கிற வீட்டில் யாரும் ஒவ்வொரு தோசைக்கும் தனித்தனியாகக் கிரைண்டரை ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருதடவை அரைத்து வைத்தால் புதன்கிழமை வரைக்கும் இட்லி, தோசை, ஊத்தப்பம் என்று ஓடிவிடும். ஆனால் இதே வீடுகளிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் படிக்கக் கிளம்பிப் போகிற பிள்ளைகள், வெரிலாக் லேபில் உட்கார்ந்ததும் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு தோசைக்கும் ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்துத்தான் ஊற்றுகிறார்கள். ஒரு டெஸ்ட் ஓட்ட வேண்டுமா, முழு டிசைனையும் கம்பைல் செய். இன்னொரு டெஸ்டா, மறுபடியும் முதலிலிருந்து கம்பைல் செய். டிசைனில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனாலும் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. எப்போதோ அரைத்த மாவிலேயே காலத்தை ஓட்டுகிறவர்கள். மாவு கெட்டுப்போனால் மூக்கு சொல்லிவிடும். பழைய பில்ட் கெட்டுப்போனால் எந்த வாசனையும் வராது. திரையில் 'பாஸ்' என்றுதான் வரும். இந்தக் கட்டுரை அந்த வாசனையில்லாத ஆபத்தைப் பற்றியது. அந்த ஆபத்துக்குப் பயந்து தினம் தினம் கிரைண்டர் ஓட்ட வேண்டாம் என்பதைப் பற்றியதும்தான்.

முதலில் அடிப்படை. சிப் ஒன்றை ஃபேக்டரிக்கு அனுப்புவதற்கு முன்னால் அது சரியாக வேலை செய்யுமா என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் ஹார்டுவேர் சிமுலேஷன். வெரிலாக், சிஸ்டம்வெரிலாக், வி.எச்.டி.எல். என்று எந்த மொழியில் எழுதினாலும் உள்ளே நடப்பது மூன்று வேலை.

ஒன்று, கம்பைல். கோப்புகளைப் படித்து இலக்கணம் சரியா என்று பார்ப்பது. வி.எச்.டி.எல். ஆட்கள் இதை அனாலிசிஸ் என்பார்கள்.

இரண்டு, எலாபரேஷன். எந்த மாட்யூலுக்குள் எந்த மாட்யூல் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை நகல், பாராமீட்டர்களின் மதிப்பு என்ன, எந்த ஒயர் எங்கே சேர்கிறது என்று முழு மரத்தையும் கட்டி முடிப்பது.

மூன்று, ரன். நேரம் பூஜ்யத்திலிருந்து கடிகாரத்தைத் தட்டிவிட்டு ஓட்டுவது.

முதல் இரண்டின் விளைவாகக் கிடைப்பதுதான் மாவு, அதாவது பில்ட். மூன்றாவது தோசை. ஐகரஸ் வெரிலாக்கில் 'ஐவெரிலாக்' கட்டளை ஒரு கோப்பை உண்டாக்கும், அதை 'விவிபி' ஓட்டும். மாடல்சிம்மிலும் அதன் பெரியண்ணன் குவெஸ்டாவிலும் 'விலாக்' கம்பைல் செய்து 'ஒர்க்' என்ற லைப்ரரியில் போடும், 'விசிம்' அதை எடுத்து ஓட்டும். வி.சி.எஸ்.ஸில் 'சிம்வி' என்று ஒரு இயங்கு கோப்பு வரும். கேடன்ஸின் எக்ஸ்ரன், விவாடோவின் எக்ஸ்சிம் இரண்டும் ஸ்னாப்ஷாட் என்று பெயர் வைத்திருக்கின்றன. வெரிலேட்டர் டிசைனை சி++ ஆக மாற்றி, அதையும் கம்பைல் செய்து இயங்கு கோப்பாகவே கொடுத்துவிடும். பெயர்தான் வேறு வேறு. சங்கதி ஒன்றுதான்.

பட்டன் தட்டி ஓட்டுகிற ஜன்னல் மென்பொருளில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரே 'ரன்' பட்டனாகத் தெரியும். அதனால்தான் பலருக்கு மாவு வேறு, தோசை வேறு என்பதே தெரியாமல் போகிறது. டெர்மினலுக்கு வந்தால் இரண்டும் இரண்டு கட்டளை. அங்கேதான் விஷயம் பிடிபடும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1980களில் கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் என்ற கம்பெனியில் பிறந்தது வெரிலாக். அதன் சிமுலேட்டரான வெரிலாக்-எக்ஸ்.எல். மூலக்கோப்புகளைப் படித்து அப்படியே உள்ளுக்குள் வியாக்கியானம் செய்து ஓட்டுகிற வகை. தனியாக எடுத்து வைக்க மாவு என்று எதுவும் கிடையாது. 1990களின் முற்பகுதியில் க்ரோனாலஜிக் சிமுலேஷன் என்ற சிறு கம்பெனி, வெரிலாக்கை இயந்திர மொழிக்கே கொண்டுபோய்விடும் வி.சி.எஸ்.ஸைக் கொண்டுவந்தது. அந்தப் பெயரின் விரிவே 'வெரிலாக் கம்பைல்டு சிமுலேட்டர்' என்பதுதான். பின்னர் கைமாறிக் கைமாறி சினாப்சிஸிடம் போய்ச் சேர்ந்தது. ஓடும் வேகம் கூடியது, கூடவே கம்பைல் நேரம் என்ற புதுச் செலவும் வந்தது. செலவு என்று ஒன்று வந்துவிட்டால் அதை மிச்சம் பிடிக்கும் வழியையும் யோசித்துத்தானே ஆகவேண்டும்!

எவ்வளவு மிச்சம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான், ஆனால் கொஞ்சம் பெரிய புராஜெக்ட் செய்த யாருக்கும் இந்த எண்கள் அந்நியமாகத் தெரியாது. ஒரு சின்ன பிராசசர் டிசைன். வெரிலேட்டரில் பில்ட் செய்ய 4 நிமிடம். ஒரு டெஸ்ட் ஓட 20 விநாடி. மொத்தம் 60 டெஸ்ட். ஒவ்வொரு முறையும் பில்ட் செய்து ஓட்டினால் 260 நிமிடம், அதாவது 4 மணி 20 நிமிடம். ஒருமுறை பில்ட் செய்து 60 தடவை ஓட்டினால் 24 நிமிடம். முதல் வழியில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். இரண்டாவது வழியில் மெஸ்ஸுக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

இதில் நேரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 4 மணி நேரம் ஆகும் என்றால் யாரும் 60 டெஸ்டையும் ஓட்ட மாட்டார்கள். 'இப்ப மாத்தினது மல்டிப்ளையர்தானே, அந்த ரெண்டு டெஸ்டை மட்டும் பாத்தா போதும்டா' என்று தொடங்கும். மல்டிப்ளையரில் செய்த மாற்றம் பைப்லைன் ஸ்டாலைக் கெடுத்திருக்கும். அதைப் பிடிக்கக்கூடிய டெஸ்ட் அந்த ஓட்டாத 58-ல் ஒன்றாக இருக்கும். ஆக, ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்து ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அரைக்கிறவர், நடைமுறையில் குறைவாகத்தான் சோதிக்கிறார். சுத்தம் அதிகம், சோதனை கம்மி.

சரி, ஒரே பில்டை வைத்துக்கொண்டு வேறு வேறு டெஸ்ட் ஓட்டுவது எப்படி? இங்கேதான் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றப்போகிற விஷயம் எந்தப் படியில் உள்ளே போகிறது?

பாராமீட்டர் எலாபரேஷனில் உள்ளே போகிறது. ஃபிஃபோவின் ஆழம் 16 என்பதை 32 ஆக்கினால் மரத்தின் வடிவமே மாறும். புதிய பில்ட் வேண்டும், தப்ப முடியாது. 'டிஃபைன்' மேக்ரோ அதற்கும் முன்னாலேயே, கம்பைலில் போய்விடுகிறது. அதற்கும் புதிய பில்ட்தான்.

ஆனால் பிளஸ்ஆர்க்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுகிற கட்டளையின் கடைசியில் '+' போட்டுக் கொடுக்கிற மதிப்புகள். டெஸ்ட்பெஞ்சுக்குள் $டெஸ்ட்$பிளஸ்ஆர்க்ஸ், $வேல்யூ$பிளஸ்ஆர்க்ஸ் என்று இரண்டு சிஸ்டம் ஃபங்ஷன்கள் அதை வாசிக்கும். இது ரன் நேரத்தில்தான் உள்ளே போகிறது. எத்தனை பாக்கெட் அனுப்ப வேண்டும், எந்த டெஸ்டை ஓட்ட வேண்டும், வேவ்ஃபார்ம் பதிவு வேண்டுமா வேண்டாமா எல்லாவற்றையும் இதில் வைத்துவிட்டால் பில்டைத் தொடவே வேண்டாம். லேப் ரெக்கார்டுகளில் இவற்றையெல்லாம் 'டிஃபைன்' ஆக எழுதிப் பழக்கிவிடுகிறார்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

அடுத்தது $ரீட்மெம்எச். பதினாறடிமான எண்கள் அடங்கிய ஒரு கோப்பை மெமரிக்குள் ஏற்றுகிற வசதி. இதுவும் ரன் நேரத்தில் நடப்பதுதான். பிராசசர் செய்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். பிராசசர் ஒன்றுதான், அதில் ஓடுகிற புரோகிராம்தான் வேறு வேறு. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசர் நல்ல உதாரணம். ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டு, அதிலிருந்து வெரிலாக் உண்டாக்கப்பட்டு, வெரிலேட்டரில் ஒரே இயங்கு கோப்பாக பில்ட் ஆகிறது. பிறகு டெஸ்ட் புரோகிராமின் மெமரி கோப்பை மாற்றி மாற்றி வைத்து அதே இயங்கு கோப்பை ஓட்டிக்கொண்டே போகலாம். டெஸ்ட் நூறு இருந்தாலும் பிராசசர் ஒருமுறைதான் கம்பைல் ஆகும்.

யு.வி.எம்.மை உருவாக்கியவர்களும் இதைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். எந்த டெஸ்ட் ஓட வேண்டும் என்பதை '+யுவிஎம்_டெஸ்ட்நேம்' என்று ரன் கட்டளையிலேயே சொல்லலாம். டெஸ்ட் கிளாஸ்கள் எல்லாம் ஒரே பில்டுக்குள் காத்திருக்கும், பெயர் கூப்பிட்டதும் ஒன்று எழுந்து வரும். கோகோடிபி பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். டெஸ்ட்பெஞ்ச் முழுக்க பைத்தானில் இருப்பதால், டெஸ்டை எத்தனை முறை திருத்தினாலும் டிசைன் பில்ட் அப்படியே இருக்கும்.

ரேண்டம் டெஸ்ட் ஓட்டுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பில்டை நூறு முறை ஓட்டியாயிற்று என்று சந்தோஷப்படக்கூடாது. சீட் மாறாவிட்டால் வெரிலாக்கின் $ரேண்டம் ஒவ்வொரு தடவையும் அதே எண் வரிசையைத்தான் கொடுக்கும். நூறு தோசையும் ஒரே தோசை! சீடை ரன் கட்டளையில் மாற்றிக் கொடுத்து, எந்த சீட் என்பதை லாக்கிலும் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 73-வது ஓட்டத்தில் கிடைத்த பிழையை மறுபடி வரவழைக்க முடியாது.

இதுவரைக்கும் எல்லாம் லாபக் கணக்கு. இனி நஷ்டக் கணக்கு.

1976-ல் பெல் லேப்ஸில் நடந்த கதை ஒன்று உண்டு. யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் தலைவிதியைத் திட்டிக்கொண்டே வந்தார். காலை நேரம் முழுவதையும் சரியாக இருந்த ஒரு புரோகிராமில் பிழை தேடி வீணடித்திருந்தார். பிழையை எப்போதோ திருத்தியாயிற்று. ஆனால் திருத்திய கோப்பு கம்பைல் ஆகவில்லை, பழைய ஆப்ஜெக்ட் கோப்பே ஓடிக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மேனும் முந்தின நாள் சாயங்காலம் இதே அவஸ்தையைப் பட்டிருந்தார். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 'மேக்'. இன்று உலகம் முழுவதும் ஓடுகிற மேக், யாரோ ஒருவர் புளித்த மாவில் தோசை ஊற்றியதால் வந்தது என்றால் தப்பில்லை. அந்தக் கருவிக்காக 2003-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருதும் ஃபெல்ட்மேனுக்குக் கிடைத்தது.

ஜான்சனுக்கு நடந்ததில் ஒரு நல்லது இருந்தது. பிழை 'இருக்கிறது' என்று தெரிந்ததால் தேடினார், கடைசியில் கண்டுபிடித்தார். சிமுலேஷனில் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். நன்றாக ஓடிய பழைய பில்ட் இருக்கும். டிசைனில் புதிதாக ஒரு பிழை நுழைந்திருக்கும். ஓட்டுவது பழைய பில்டை. டெஸ்ட் பாஸ் ஆகும். பாஸ் ஆனதை யார் தேடப் போகிறார்கள்?

பழைய பில்ட் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று வரிசையாகப் பார்த்தால், காரணங்கள் ஒன்றும் பெரிய மர்மமில்லை.

முதல் காரணம், தோற்றுப்போன கம்பைல். ஸ்கிரிப்டில் கம்பைல் வரி, அடுத்தது ரன் வரி. கம்பைலில் ஒரு செமிகோலன் விட்டுப்போய் எர்ரர் வந்தது. ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது. போன வாரத்து பில்ட் அங்கேயே இருந்ததால் அது ஜோராக ஓடியது. எர்ரர் செய்தி முந்நூறு வரிகளுக்கு மேலே எங்கோ ஏறிப்போய்விட்டது. கண்ணுக்குத் தெரிவது கடைசி வரி மட்டும்: பாஸ். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ';' போடுவதற்கும் '&&' போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இவ்வளவு பெரியது.

இரண்டாவது, இன்க்ளூட் கோப்புகள். மேக்ஃபைலில் '.வி' கோப்புகளை எல்லாம் எழுதியிருப்பார்கள். அவை உள்ளே இழுக்கிற '.விஎச்' கோப்பை எழுத மறந்திருப்பார்கள். அதில் ஒரு ஆப்கோடை மாற்றினால் மேக்குக்கு எதுவும் தெரியாது. பில்ட் புதியதாகத்தான் இருக்கிறது என்று கைகட்டி உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது, மாறிய ஆப்ஷன்கள். மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டும். கட்டளையில் கொடுத்த 'டிஃபைன்' மாறியதா, பாராமீட்டர் மாறியதா என்று அதற்குத் தெரியாது. ஆழம் 32 என்று புதிதாகக் கொடுத்து 'மேக்' அடித்தால், கோப்பு எதுவும் மாறாததால் பழைய 16 ஆழ பில்டே ஓடும். ரிப்போர்ட்டில் 32-க்கும் பாஸ் என்று ஏறிவிடும்.

நான்காவது, கடிகாரம். கல்லூரி லேபில் கோப்புகள் ஒரு சர்வரில் இருக்கும், ஓட்டுவது வேறு மெஷினில். இரண்டின் கடிகாரமும் சில நிமிடம் விலகியிருந்தால் எது புதியது எது பழையது என்று மேக் குழம்பிப்போகும். 'கிளாக் ஸ்கியூ' என்று எச்சரிக்கை கொடுக்கும், யாரும் படிப்பதில்லை. நேரத்தைப் பாதுகாத்து நகலெடுக்கும்போதும் இதே வம்புதான். நண்பனின் பென்டிரைவிலிருந்து டார் கோப்பைப் பிரித்தால், போன வாரத்துத் தேதியோடு ஒரு மூலக்கோப்பு வந்து இறங்கும். உள்ளடக்கம் புதியது, தேதி பழையது. மேக் அசையாது.

ஐந்தாவது, தெரிந்தே கேட்பது. எக்ஸ்ரன் சாதாரணமாகக் கோப்புகள் மாறியிருக்கிறதா என்று பார்த்து, வேண்டியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். '-ஆர்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் அந்தச் சோதனையெல்லாம் கிடையாது, கடைசியாக உண்டான ஸ்னாப்ஷாட் அப்படியே ஓடும். வேகமான வசதி. ஆனால் அது ஒரு உறுதிமொழி மாதிரி: 'எதுவும் மாறவில்லை, பொறுப்பு என்னுடையது' என்று ஓட்டுகிறவர் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

இந்த விஷயத்தில் வி.எச்.டி.எல். கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார். ஒரு பேக்கேஜை மறுபடி அனலைஸ் செய்தால் அதைப் பயன்படுத்துகிற எல்லாமே காலாவதி ஆகிவிடும், அவற்றையும் மறுபடி அனலைஸ் செய்துதான் தீரவேண்டும். பேக்கேஜின் பாடியை மட்டும் மாற்றினால் அந்தத் தண்டனை இல்லை. அதனால்தான் அனுபவசாலிகள் அடிக்கடி மாறுகிற சமாச்சாரங்களை பாடிக்குள் தள்ளிவைப்பார்கள். வெரிலாக்கில் அப்படிக் காதைத் திருகுகிற ஏற்பாடு மொழியிலேயே கிடையாது.

இதெல்லாம் மாணவர் புராஜெக்டுக்கு எதற்கு, இவ்வளவு அலட்டல் வேண்டுமா என்று கேட்கலாம். சிமுலேஷன் எதற்காக இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். மென்பொருளில் பிழை வந்தால் நாளைக்கு ஒரு அப்டேட் அனுப்பலாம். சிலிக்கானில் பதிந்துவிட்டால் முடிந்தது கதை. 1994-ல் பென்டியம் சிப்பின் வகுத்தல் பகுதியில் ஒரு பிழை வெளியே தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த தாமஸ் நைஸ்லி. வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்களில் இருக்கவேண்டிய மதிப்புகள் இல்லை, அவ்வளவுதான். அபூர்வமான சில எண்களுக்கு மட்டும் விடை லேசாகத் தப்பாக வரும். அதற்கு இன்டெல் ஒதுக்க வேண்டியிருந்த தொகை 47.5 கோடி டாலர். பழைய பில்டுக்கும் அந்தப் பிழைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'சோதித்தாயிற்று' என்ற ஒரு வார்த்தையின் விலை என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான ரசீது கிடைக்காது.

மாணவனுக்கு 47.5 கோடி போகப்போவதில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் '60 டெஸ்டும் பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். அந்த 60-ம் எந்த டிசைனுக்கு நடந்தது என்று அவனுக்கே தெரியாவிட்டால், அது பொய் இல்லைதான், ஆனால் உண்மையும் இல்லை. தெரியாமல் சொன்ன அந்த வாக்கியத்தை நம்பி அடுத்த வருஷத்து ஜூனியர் அதே டிசைனை எடுத்து மேலே கட்டுவான். ஆறு மாதம் தன் கோடில் பிழை தேடுவான்.

ஆக, எப்போதும் அழிக்கவும் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. பில்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை பில்டே சொல்லும்படி செய்துவிடுவது. அதற்குச் செய்யவேண்டியவை கொஞ்சம்தான்.

கம்பைல் தோற்றால் ரன் நடக்கவே கூடாது. ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -இ' ஒரு வரி, அல்லது நடுவில் '&&'. இது ஒன்றைச் செய்தாலே கணிசமான தலைவலி போய்விடும்.

சார்புப் பட்டியலைக் கையால் எழுதக்கூடாது, கருவியிடமே கேட்டு வாங்க வேண்டும். ஐகரஸில் '-எம்' ஆப்ஷன் கொடுத்தால் கம்பைலில் எந்தெந்தக் கோப்புகள் உள்ளே வந்தன என்று, இன்க்ளூட் உட்பட, எழுதிக் கொடுத்துவிடும். வெரிலேட்டர் தானாகவே சார்புக் கோப்பை உண்டாக்கும். அதோடு, மூலக்கோப்புகளும் கட்டளையும் மாறாமல், வெளியீட்டுக் கோப்புகளும் இருக்குமானால் மொழிமாற்றும் வேலையைத் தானே தவிர்த்தும் விடும். மாடல்சிம்மில் 'விமேக்' இருக்கிறது, கம்பைல் ஆன லைப்ரரியைப் பார்த்து மேக்ஃபைல் எழுதித் தரும்.

ஆப்ஷன்களை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்து, பில்ட் அந்தக் கோப்பையும் சார்ந்திருக்கும்படி செய்யலாம். ஆப்ஷன் மாறினால் மட்டும் அந்தக் கோப்பைத் திருத்தி எழுத வேண்டும். மேக்குக்குக் கோப்பு மட்டும்தான் தெரியும் என்றால், ஆப்ஷனையும் கோப்பாக்கிவிட வேண்டியதுதானே.

இதைவிட உறுதியான வழி கைரேகை. எல்லா மூலக்கோப்புகளின் உள்ளடக்கம், கொடுத்த ஆப்ஷன்கள், சிமுலேட்டரின் வெர்ஷன் மூன்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் எடுப்பது. அந்த ஹாஷின் முதல் சில எழுத்துகளையே பில்ட் ஃபோல்டருக்குப் பெயராக வைப்பது. அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், இல்லையென்றால் புதிதாக பில்ட். தேதியும் கடிகாரமும் இதில் வரவே வராது. இரண்டு நாள் கழித்துப் பழைய வடிவத்துக்குத் திரும்பினாலும் அதன் பில்ட் அதே பெயரில் தயாராகக் காத்திருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: தற்காலிகப் பெயரில் பில்ட் செய்து, வெற்றிகரமாக முடிந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். பாதியில் கரண்ட் போன பில்டுக்கு முழு பில்டின் பெயர் இருந்தால் வம்பு. சி, சி++ கம்பைலுக்குப் பயன்படும் சிகேஷ் நம்புவதும் இதே மாதிரி ஹாஷைத்தான். வெரிலேட்டர் உண்டாக்கிய சி++ கோப்புகளுக்கு அதையும் சேர்த்துக்கொண்டால் பில்ட் நேரமே குறையும்.

அந்தக் கைரேகையை சிமுலேஷன் தொடங்கும்போது லாக்கின் முதல் வரியில் அச்சடிக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த எண் கம்பைல் நேரத்தில், 'டிஃபைன்' வழியாக பில்டுக்குள் போயிருக்க வேண்டும். ரன் கட்டளையில் பிளஸ்ஆர்க்ஸாகக் கொடுத்தால், பழைய பில்ட்கூட புதிய எண்ணை வாய்கூசாமல் அச்சடிக்கும் :-) ஓடுகிறவன் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

ஒரே பில்டைப் பத்து ஓட்டங்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் ஒரே ஃபோல்டரில் நின்று ஓடக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் எழுதிய வேவ்ஃபார்ம் கோப்பின்மேல் இன்னொருவன் எழுதிவிடுவான். ஐந்தாவது டெஸ்டின் படத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது டெஸ்டின் பிழையைத் தேடுகிற கூத்து நடக்கும். ஓட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போது அந்த பில்டை யாரும் மறுபடி கம்பைல் செய்யவும் கூடாது. ஃபோல்டருக்குக் கைரேகைப் பெயர் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். புதிய பில்ட் வேறு பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பில்டை மட்டுமல்ல, ஓட்டத்தையே பாதியில் சேமித்து வைக்கும் வசதியும் உண்டு. மாடல்சிம்மில் 'செக்பாயிண்ட்' போட்டு 'ரெஸ்டோர்' செய்யலாம். ரீசெட்டும் ஆரம்ப ஏற்பாடுகளும் முடிய ரொம்ப நேரம் பிடிக்கிற டிசைனில், அது முடிந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு டெஸ்டையும் தொடங்கலாம். ஆனால் அந்தச் சேமிப்பு எந்த பில்டில் எடுத்ததோ அதற்குத்தான் செல்லும். டிசைன் மாறினால் செக்பாயிண்டையும் தூக்கி எறிய வேண்டும்.

கடைசியாக ஒரு பழக்கம். எந்தக் கருவியும் தேவையில்லாத, காசு செலவில்லாத பழக்கம். எல்லாம் பச்சையாக வரும்போது டிசைனில் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துப் பார்ப்பது. கூட்டலைக் கழித்தலாக மாற்றி, வழக்கமாக ஓட்டுகிற அதே கட்டளையால் ஓட்டுவது. சிவப்பு வந்தால் ஓடுவது இன்றைய டிசைன்தான், டெஸ்டுக்கும் கண் இருக்கிறது. அப்போதும் பச்சையே வந்தால் ஒன்று பில்ட் பழையது, இல்லாவிட்டால் டெஸ்ட் குருடு. இரண்டில் எதுவானாலும் ரிப்போர்ட் எழுதும் முன் தெரிந்துகொள்வது நல்லது. வரியைத் திரும்பச் சரிசெய்ய மட்டும் மறக்கக்கூடாது. கைரேகை முறையில் இருந்தால் அதையும் சரிபார்க்கலாம். சரிசெய்ததும் முதலில் இருந்த அதே எண் லாக்கில் திரும்பி வர வேண்டும்.

ரிப்போர்ட் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி மட்டும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புது ஃபோல்டரில், கிட்டிலிருந்து புதிதாக எடுத்து ஒருமுறை முழுசாக பில்ட் செய்து 60-ஐயும் ஓட்டுவது மரியாதை. 24 நிமிடம்தானே. அந்த ஓட்டமும் அதுவரை மறுபயன்பாட்டு பில்டில் கிடைத்த முடிவுகளும் ஒன்றாக வந்தால், இத்தனை நாள் மிச்சம் பிடித்த நேரம் எல்லாம் நியாயமான லாபம். ஒன்றில் வித்தியாசம் வந்தாலும் நல்லதுதான், ஏனென்றால் அது கைடு கண்ணில் படுவதற்கு முன்னால் சொந்தக் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு மாவைப் புதிதாக அரைத்துக்கொள்ளலாம்.